வளர்த்த பறவை வனத்தில் ஏன் பிழைப்பதில்லை?

ஆரணியின் பட்டுத் தறியோசை தேய்ந்து மறையும் முட்புதர்களில் கூவும் கௌதாரியை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்க, அதன் உறவினமான ஃபெசன்ட் பறவைகளோ, பிரிட்டனில் வேட்டைக்கென்றே ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு வனத்தில் விடப்படுகின்றன. அவற்றுள் துப்பாக்கிக்குத் தப்பியவையும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாண்டுபோவதன் காரணம் யாது?

பொரித்த சில மணி நேரத்திலேயே தாயின் பின்னே ஓடும் சுபாவமுடைய இவ்வினக் குஞ்சுகள், பூச்சிகளைத் தேடிக் கொத்தவும், பருந்தைக் கண்டு அவள் எழுப்பும் அபாயக் குரலுக்குப் பதுங்கவும் அவளோடு திரிந்தே பயில்கின்றன. இன்குபேட்டரில் பிறந்த அநாதைக் குஞ்சுக்கோ அந்தப் பயிற்சி கிட்டுவதேயில்லை என்பது என் மனத்தைப் பெரிதும் வருத்துகிறது. மேலும், மிருதுவான தீவனமே தின்று வளர்வதால், இரையை அரைக்கும் தசைப்பை சிறுத்து, குடலும் குறுகி, நார் மிகுந்த வன ஆகாரத்தை ஜீரணிக்கும் சக்தி குன்றிவிடுகிறது. இரவில் நரிக்குத் தப்ப மரக்கிளையேறித் துயிலும் வழக்கமும், கூண்டிலேயே உயரத்தில் கொம்பு கட்டி வளர்த்தவற்றுக்கே நன்கு படிகிறது.