போலி விமானமும் மெய்க்காற்றும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பாடங்கேட்ட மாணவர் எவரும் மயிற்பொறியை மறவார். பகை தன்னைச் சூழ்வதை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த தேவி விசயையைக் காக்கும் பொருட்டு வானிற் பறக்கும் பொறியொன்றைச் செய்வித்தான். ஒரு பக்கம் திருகினால் எழும், மறுபக்கம் திருகினால் இறங்கும் என்று அதனைச் செலுத்தும் வகையையும் அவளுக்குப் பயிற்றினான். அப்பொறியின் விந்தையையே பலரும் எடுத்துப் பேசுவர். எமக்கோ, இடுக்கண் வருமுன்னரே தேவி அதனைச் செலுத்தப் பழகினாள் என்பதே பெரிதாகத் தோன்றுகிறது. பழகியும் என்? பகைவனது வெற்றி முரசு செவிப்பட்டதும் அவள் மயங்கினாள். பொறி ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கிற்று. திருகும் வகையைப் பயிற்சி தந்தது, அம்முரசொலியைத் தரவில்லை.

இக்காலத்து விமானிகள் தரையில் இருந்தவாறே பறந்து பழகுதற்குச் சிமுலேட்டர் என்னும் பாவனைப் பொறி உளது. அதன் முன்னோன் இசைக்கருவிப் பட்டறையிற் பிறந்தான் என்பது வியப்பிற்குரியது. அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்து விற்ற குடும்பத்தில் தோன்றியவர் எட்வின் லிங்க். பேராலயங்களில் ஆர்கனின் குழல்களுக்குக் காற்றூட்டும் துருத்தியை நாம் அறிவோம். அத்துருத்திகளையே ஒரு சிறு மரவிமானத்தின் கீழ் வைத்து, விமானி பிடியை அசைக்குந்தோறும் அது சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார் அவர். 1929ஆம் ஆண்டில் உருவான அப்பொறியை முதலில் வாங்கினோர் கேளிக்கைப் பூங்காக்காரரே! 1934ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, மூடுபனியிலும் பனிப்புயலிலும் வழி காணாது பலர் மாண்ட பின்னரே, அப்படையினர் அவற்றுள் ஆறு பொறிகளை விலைக்குக் கொண்டனர். விளையாட்டுப் பொருள் பயிற்சிப் பொருளாயிற்று. இன்று அப்பயிற்சிப் பொருள் மீண்டும் விளையாட்டாகி, நம் வீட்டுக் கணினிகளில் வந்து அமர்ந்திருக்கிறது.

அவ்விளையாட்டை யாம் கண்டது சென்ற கோடை விடுமுறையில், தியாகராய நகரில் பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் இல்லத்தில். ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ஜாய்ஸ்டிக் ஒன்றை மேசையில் திருகி வைத்து, இரண்டாம் உலகப்போரின் விமானங்களை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எதை ஓட்ட விருப்பம் என்று வினவினார். பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் அணிக்குச் ‘சென்னை மாகாண அணி’ என்று பெயருண்டு என்பதும், 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வானில் அது ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு பொருதது என்பதும் எமக்கு நினைவிருந்தமையால், ஸ்பிட்ஃபயரையே கேட்டோம். ஊர்ப்பற்று எங்கெல்லாமோ தலைகாட்டும் போலும்!

பகைவிமானம் ஒன்று குறுக்கே சென்றது. அதனைத் தொடர எண்ணிப் பிடியை இடப்பக்கம் சாய்த்து, முழு வலிமையோடும் பின்னே இழுத்தோம். ஸ்பிட்ஃபயர் ஒருமுறை நடுங்கிற்று. ஒரு சிறகு கவிழ்ந்தது. பம்பரம் போற் சுழன்று கடலுள் வீழ்ந்தது. ‘விரைவாகத்தானே சென்றுகொண்டிருந்தோம்! இது நிரலின் பிழை’ என்றோம். கணினியார் இத்தகைய பிழையைப் ‘பக்’ என்பர். பூச்சி என்பது அதன் பொருள். நண்பர் நகைத்து, ‘பிழை நிரலில் இல்லை, உம் கையில் உளது’ என்றார். பிறகு அவர் விளக்கியதை எம் சொற்களில் இங்கே தருகின்றோம்.

விமானத்தை ஏந்துவது காற்று. அவ்வேந்தும் விசை காற்றின் செறிவையும், சிறகின் பரப்பையும், விரைவின் இருமடியையும் பொறுத்தது. விரைவு இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இவற்றோடு, சிறகு எதிர்க்காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதும் சேரும். கோணம் மிக மிக விசையும் மிகும். ஆயின் அதற்கு ஓர் எல்லையுண்டு. பெரும்பாலான சிறகுகளில் ஏறக்குறையப் பதினைந்து பாகை கடந்ததும், மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து கலைந்துவிடும், ஏந்துவிசை சரியும். இந்நிலையே ‘ஸ்டால்’ எனப்படுவது. மெதுவாகச் செல்லும் விமானமே இவ்வாறு வீழும் என்று யாம் எண்ணியிருந்தது தவறு. வளைந்து திரும்பும் விமானத்தின் சிறகுகள் அதன் எடையை ஏந்துவதோடு அதனை வளைவிற்குள் இழுத்தும் ஆகவேண்டும். 60 பாகை சாய்ந்து உயரம் குன்றாது திரும்பின், சிறகு எடையைப்போல் இருமடங்கு விசை தரவேண்டும். 75 பாகையாயின் ஏறக்குறைய நான்கு மடங்கு. நேரே செல்லுங்கால் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், முதற் சாய்விற் 141 கிலோமீட்டரிலேயே அந்நிலையை எய்தும். இரண்டாவதில் ஏறத்தாழ 197. யாம் பிடியை இழுத்த இழுப்பிற்கு எவ்விரைவும் போதாது! இரு சிறகுகளும் ஒருங்கே ஓயாமல் ஒன்று முந்தி ஓய்ந்தமையின் அது சுழன்றது. ஆகவே, எம்மைக் கடலில் வீழ்த்தியது பொய்யன்று. அவ்விளையாட்டில் இருந்த மெய்.

காற்றின் செறிவு என்றோமே, அதனை நம்மூரார் மறத்தலாகாது. 15 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கடல்மட்டத்தில், ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோகிராம் எடையுடையது. கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்து ஓடுதளம் 40 பாகையில் தகிக்கும்போது அதில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடும். சிறகிற்கும் குறைவு, எஞ்சினுக்கும் குறைவு. ஆகவே மார்கழி விடியலில் எழும்புவதினும் நெடுந்தூரம் ஓடியே விமானம் எழவேண்டும். இக்கணக்கை விடுத்த பாவனைப் பொறி, கபாலீசுவரர் கோபுரத்தையும் மெரினாக் கரையையும் எத்துணை அழகாகத் தீட்டிக் காட்டினும், சென்னையைக் காட்டியதாகாது என்பது எம் கருத்து.

கணினி காற்றை எவ்வாறு அறியும்? பெரும்பாலும் அட்டவணைகளால். கிண்டியை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளன போன்ற காற்றுச் சுரங்கங்களில் மாதிரியுருவை நிறுத்திக் காற்றை வீசச் செய்து, இந்தக் கோணத்தில் இத்துணை விசை என்று அளந்தெழுதுவர். மெய்விமானத்தின் சோதனைப் பறப்புகளிலும் அளப்பர். கணினி அவ்வட்டவணையைப் புரட்டி, இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்டதைத் தானே கணித்துக்கொள்ளும். எக்ஸ்-பிளேன் என்னும் நிரலின் வழி வேறு. அது சிறகைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, துண்டுதோறும் விசையைக் கணித்துக் கூட்டும். எவ்வழியாயினும், அளந்த எல்லைக்குள் நம்பலாம்; எல்லைக்கு அப்பால் ஊகமே. விமானம் தலைகுப்புறச் சுழலும்போதும், வால் முன்னாகப் பின்னோக்கிச் சரியும்போதும் உள்ள அளவுகள் அரியன. போர்விமானமோ அத்தகைய மூலைகளிலேதான் அடிக்கடி திரியும்! பயணிகள் விமானத்தினும் போர்விமானத்தைப் போலச் செய்தல் கடிதாவது இதனால்.

உண்மையான பிழையையும் யாம் அன்றே கண்டோம். மற்றொரு நிரலில் ஓடுதளத்தில் வாளா நின்றிருந்த விமானம் சிறிது சிறிதாக நடுங்கத் தொடங்கிற்று, நடுக்கம் வளர்ந்தது, திடீரென்று ஒருவர் தூக்கியெறிந்தாற்போல மரங்களுக்கு மேலே பாய்ந்தது. காரணம் இது. கணினி காலத்தை ஓடும் ஆறாகக் காணாது, துளித்துளியாகக் காணும். ஃப்ளைட்கியர் என்னும் விலையிலா நிரல், இயல்பாக, ஒரு நொடியில் 120 முறை கணக்கிடும். சக்கரம் நிலத்தில் சற்றே அமிழ்ந்ததாக ஒரு துளியில் காணின், வில் அதனை மேலே தள்ளும். துளிகள் நெருக்கமாயின் தள்ளுதல் அளவோடு நிற்கும். கணினி திணறித் துளிகள் அகன்றாலோ, வேண்டியதினும் மிகுதியாகத் தள்ளிவிட்டே அடுத்த துளியில் விழிக்கும். முன்னினும் ஆழமாக வீழும். முன்னினும் வலிதாகத் தள்ளும். இங்கே காற்றும் இல்லை, இயற்கையும் இல்லை. எண்களின் தள்ளாட்டமே உளது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் எண்ணுந்தோறும் எமக்கு ஏட்டுச்சுவடிகளின் நினைவே வந்தது. சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கியன்றோ பாடந் துணிந்தார்! விளங்காத சொல்லெல்லாம் ஏடெழுதினோன் பிழை என்று திருத்தப் புகுந்தால், புலவன் சொல்லையே அழித்துவிடுவோம்; எல்லாம் சரியே என்று விட்டால் பிழையை வணங்குவோம். பாவனை விமானம் நம் எண்ணத்திற்கு மாறாக ஒன்று செய்யுமிடத்தும் இதே இடர்தான். 1940ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயரின் மூக்கைச் சட்டெனக் கீழே அமிழ்த்தினால் எஞ்சின் தடைபடும். பழகாதோர் இதனைப் பிழையென்பர். மெய்யோ, அவ்விமானத்துக் கார்புரேட்டரில் அக்குறை உண்மையாகவே இருந்தது. எரிபொருளைப் பீச்சிச் செலுத்தும் முறை கொண்ட ஜெர்மானிய விமானங்கள் அவ்வாறு அமிழ்ந்தே தப்பின. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் அம்மையார், எரிபொருள் வழியில் வைத்த துளையிட்ட சிறு தகடொன்றால் 1941ஆம் ஆண்டில் அதனைப் பெரும்பாலும் தணித்தார். குறையோடு காட்டுவதே அங்கு மெய்ப்பாடம்.

இதற்கு மறுதலையான வழக்கும் ஒன்றுண்டு. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்னும் விளையாட்டில், ஜெர்மானிய ஃபோக்கே-வுல்ஃப் 190இன் முன்கண்ணாடிச் சட்டம் குறிபார்ப்பதை மறைப்பதாக விளையாடுவோர் ஆண்டுக்கணக்கில் வழக்கிட்டனர். வரைபடத்தின் அளவுகள் சரியே. ஆனால் மெய்விமானத்தின் கண்ணாடி தடித்தது, மிகச் சாய்ந்தது. நீரில் இட்ட கோல் வளைந்து தோன்றுவது போல, அதனூடே வரும் ஒளி முறிதலால் கீழ்ச்சட்டம் தாழ்ந்து தோன்றும். அளவைக் காத்து ஒளியை மறந்தமையின், சரியான அளவே பிழையான காட்சியாயிற்று. இத்தகைய வழக்குகளில் மூலவேடாக நின்று தீர்ப்பவை அக்காலத்துச் சோதனைக் குறிப்புகளே. 1942ஆம் ஆண்டு சூன் திங்களில் ஃபோக்கே-வுல்ஃப் 190 ஒன்று வழிதவறி வேல்சு நாட்டுப் பெம்பிரி நிலையத்தில் இறங்கிவிட, ஆங்கிலேயர் அதனைத் தாமே ஓட்டி, ஸ்பிட்ஃபயரோடு ஒப்பிட்டு எழுதிவைத்தனர். அங்ஙனம் எழுதியவற்றை இன்று விளையாட்டுப் பிள்ளைகளும் தேடிப் படிக்கிறார்கள். முதிய விமானிகளின் நினைவுரைகளும் உதவும். ஆயினும் உரையாசிரியர் கூற்றுப்போல அவற்றை ஆராய்ந்தே கொள்ளவேண்டும்.

விளையாட்டில் பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம். பயிற்சியிற் பொய் புகுந்தால்? 2001ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நியூயார்க்கில் எழும்பிய ஏர்பஸ் ஏ300 விமானமொன்று, முன்சென்ற பெருவிமானம் கலக்கிய காற்றில் அகப்பட்டது. துணைவிமானி வால்திருப்பியை இருபுறமும் மாறி மாறி வலிதாக மிதித்தார். வால்நிமிர்சிறகு முறிந்து வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் ஐவரும் மாண்டனர். அவர் பயின்ற பாவனைப் பொறியில் அத்தகைய காற்று, மெய்யினும் மிகப் பெரிதாக, விமானத்தையே கவிழ்ப்பதாகக் காட்டப்பட்டது என்றும், அது அவர் உள்ளத்தில் தவறான எண்ணத்தைப் பதித்திருக்கலாம் என்றும் ஆராய்ந்த அமெரிக்கக் குழுவினர் எழுதினர். வால்திருப்பியின் அமைப்பையும் அவர்கள் குறை கூறினர். குற்றம் ஒன்றன்மேல் மட்டும் இல்லை. எனினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது அப்பயிற்சியே. அதனை அமைத்தோர் எளிதாக்கி ஏமாற்ற எண்ணவில்லை. கடினமாக்கினால் நன்மை பயக்கும் என்றே எண்ணினர். கடினமெல்லாம் மெய்யாகிவிடாது என்பதை விளையாட்டுகளில் ‘கடுமையே உண்மை’ என வாதிடுவோரும் நோக்கவேண்டும்.

நம் நாட்டுத் தேஜஸ் போர்விமானமோ பாவனைப் பொறியை நம்பியே பிறந்தது எனலாம். இயல்பாகவே நிலையாது தடுமாறும்படி அதனை வகுத்திருக்கின்றனர். விரைந்து திரும்புதற்கு அது துணை. கணினி இடையறாது திருத்திக்கொண்டிருத்தலினாலேயே அது நேரே பறக்கும். அக்கணினிக்கு வகுத்த விதிகளைத் தரையிலுள்ள பொறிகளில் சோதித்தனர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பிற விமானங்களைப் போல நடிக்கவல்ல எஃப்-16 ஒன்றில் ஏற்றி வானிலும் சோதித்தனர். 1998ஆம் ஆண்டுப் பொக்ரான் சோதனைக்குப்பின் அவ்வுதவி நின்றது. எஞ்சிய பணியை நம்மவரே முடித்தனர். 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பெங்களூரில் ராஜீவ் கோத்தியால் அதனை முதன்முதல் வானில் ஏற்றியபோது, தரையில் அவர் பன்முறை பறந்து பழகியிருந்த காற்று மெய்க்காற்றோடு ஒத்திருந்தது. ஒவ்வாதிருந்தால்? அதனை எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் மெரினாவில் நடந்த விமானக் காட்சியில் தேஜஸ் பறந்தபோது, யாமும் சாந்தோம் மணலில் நின்றிருந்தோம். வெயிலும் நெரிசலும் ஐவர் உயிரைக் கொண்ட நாள் அது. மகிழ்ச்சியோடு நினைக்க இயலவில்லை. ஆயினும், தலைக்கு மேலே அது ஒருக்களித்துத் திரும்பியபோது, அச்சிறகு இப்பொழுது தன் எடையில் எத்துணை மடங்கு சுமக்கிறதோ என்று பின்னாளிற் கேட்கக் கற்றிருக்கிறோம்.

நண்பர் தம் ஓடுதள நடுக்கத்தை விரிவாக எழுதி, நிரல் செய்தோருக்கு விடுத்தார். இரண்டு திங்கள் கழித்துத் திருத்தம் வந்தது. சென்ற ஞாயிறன்று மாலை ஆராதனை முடிந்து அவர் இல்லம் சென்று பார்த்தோம். விமானம் கல்லெனச் சிறிதும் அசையாது நிற்கிறது; எழுந்து பறக்கவும் செய்கிறது; ஆனால் இப்போது சக்கரங்கள் மடங்க மறுக்கின்றன. நண்பர் அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார்.