இடையிலுள்ள எண்

குமுளிச் சாவடியைக் கடந்து பேருந்தில் ஊர் திரும்பும் நேயர்கள் அறிவர்: ஆனி, ஆடியில் மேலே அடைமழை, கீழே கம்பத்தில் பெரும்பாலும் காற்றும் சாரலுமே. இவ்விரண்டு ஊர்களில் மட்டும் மழையை அளந்து, இடையிலுள்ள ஓரிடத்தின் மழையை நாம் கணிப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஓர் எண் வரும், உண்மை வருமா? மலைவிளிம்பில் சட்டென மாறுவதை அக்கணக்கு மெல்லிய சரிவாக்கி விடுகின்றது. இவ்வாறு அளவாத இடத்தின் மதிப்பைக் காண்பதே இடைச்செருகல். மூளைப் படங்களை ஆராய்வோர்க்கும் இதுவே சிக்கல்.

எம்.ஆர்.ஐ. கருவி மூளையைச் சிறு கனக்கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. மூளையின் செயலை அறியும் ஆய்வில் நூற்றுக்கணக்கான படங்கள் தொடர்ந்து எடுக்கப்படும். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தா. நகர்த்திப் பொருத்தினாலோ, புதிய கட்டங்கள் பழைய கட்டங்களின் இடையே விழும். அங்கு எண் இல்லை. கணித்தே எழுத வேண்டும். இதனை மறுகூறிடல் என்போம்.

வழிகள் மூன்று. மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுக்கலாம். விளிம்புகள் படிக்கட்டுப் போலாகும். சூழ்ந்துள்ள எட்டுக் கட்டங்களை, தொலைவுக்கேற்ப நிறையிட்டுச் சராசரியாக்கலாம். விரைவானது, ஆனால் படம் மங்கும். மேலும் பல கட்டங்களைத் தழுவி, பி-ஸ்ப்லைன் என்னும் வளைகோடு பொருத்தலாம். நுட்பம் காக்கப்படும், எனினும் நேரம் மிகும். கூர்விளிம்பில் இல்லாத ஏற்றத்தாழ்வும் தோன்றலாம்.

பொதுவாக மூன்றாவதே தக்கது. ஆனால் மூளைப் பகுதிகளுக்குப் பெயராக எண்ணிட்ட படத்துக்கு முதல் வழியே வேண்டும். குமுளியின் அஞ்சல் குறியீட்டெண்ணையும் கம்பத்தினுடையதையும் சராசரியாக்கினால் இடையூர் கிடைக்குமோ? அதுபோலவே 2ஆம் பகுதிக்கும் 4ஆம் பகுதிக்கும் நடுவே, அங்கில்லாத 3ஆம் பகுதி முளைத்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவளர்ச்சிக் கால மனித மூளையின் 5,132 சீவல்களைப் படமாக்கி, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. தனித்தனியே சீவியவற்றை முப்பரிமாண வடிவில் காண்பதற்கும் பொருத்துதல் வேண்டுமன்றோ?

ஒவ்வொரு மறுகூறிடலும் சிறிது மங்கச் செய்யும். ஆதலின் எல்லா நகர்த்தல்களையும் ஒன்றாகக் கோத்து, ஒரே முறை எழுதுவதே நெறி. மூலப் படத்தையும் காத்தல் வேண்டும். வலிப்பு நோயாளியின் மூளையிலுள்ள கடுகளவு வடு, நம் கணக்கின் மென்மையில் கரைந்துவிடலாகாது.