இராசி எண்ணும் இரகசிய எண்ணும்

நம் அங்கத்தினர் பலர் நெசவுக் கூலியையும் விளைபொருள் கிரயத்தையும் இன்று வங்கிக் கணக்கிலேயே பெறுகின்றனர். கைப்பேசியிலும் பணம் வழங்குகின்றனர். அக்கணக்கிற்குப் பூட்டாகிய இரகசிய எண்ணையும் சிலர் இராசி பார்த்தே அமைக்கின்றனர்.

நான்கு இலக்கங்களால் 10,000 எண்கள் அமையும். கூட்டெண் ஒன்பதாக வரவேண்டுமெனின் 1,111 மட்டுமே எஞ்சும். பிறந்த தேதியும் மாதமுமெனின் 366 தான். நம்மை அறிந்த வஞ்சகன் முதலில் முயல்வதும் இவற்றையே. ஆதலின், நம்மோடு எவ்விதத் தொடர்புமற்ற எண்ணே நமக்கு நல்ல எண்ணாம்.

மேலும், பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதனையோ, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையோ கேட்பவர் எவராயினும் கூறலாகாது. பணம் பறிபோயின் தாமதமின்றி 1930 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடுதல் வேண்டும்.

நல்ல நேரம் பார்த்துப் பாவு ஓட்டுவது அவரவர் விருப்பம். கணக்கின் காவலுக்கோ விழிப்பே வேண்டும்.