திரைவழி மருத்துவமும் தெஹிவளை வீடும்

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை இலங்கையில் ஊரடங்கு தொடங்கியது. கொழும்பு மாவட்டத்தில் அது தளர்ந்தது மே 26இல். அதுவரை அம்மாவட்டத்துத் தெஹிவளைத் தொடர்மாடிகளில் மக்கள் அடைந்து கிடந்தனர். ஓராண்டுக்கு முன், 2019 ஏப்ரல் 21இல், விலங்குக்காட்சிச்சாலைக்கு அருகே குண்டு வெடித்த ஊர் இது. அச்சம் இவ்வூருக்குப் புதிதன்று. அச்சம் வந்தால் அயல்வீட்டுக்கு ஓடுவது இங்குள்ள வழக்கம். தொற்று அந்த வாசலை அடைத்தது.

ஆபத்தை உணர்ந்த மூளை சிறுநீரக மேற்சுரப்பிகளை முடுக்குகிறது. நாடி விரைகிறது, மூச்சு குறுகுகிறது. ஆபத்து கடந்தால் யாவும் தணியும். கண்ணுக்குத் தெரியாத, முடியும் நாள் அறியாத ஆபத்தோ தணிய இடங்கொடாது. அழுத்த இயக்குநீரான கோர்ட்டிசோலின் சுரப்பு தன் பகலிரவு ஒழுங்கை இழக்க, உறக்கம் கெடுகிறது. 'நித்திரை வருதில்லை, ஒரே யோசனை' என்று எம்மவர் சொல்வது இதைத்தான். சிந்தனையைக் குறிக்கும் சொல்லையே உளவருத்தத்துக்கும் பெயராக்கியவர் நாம். 'மனச்சோர்வு உண்டா?' என்னும் படிவத்துக்கு இல்லை என எழுதுபவர், யோசனை உண்டா என்று கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்.

2020இல் உலகில் மனச்சோர்வு நோயாளர் 5 கோடி 30 இலட்சம் பேரும், பதற்ற நோயாளர் 7 கோடி 60 இலட்சம் பேரும் கூடுதலாயினர் என்று லான்செட் இதழில் வெளியான ஆய்வு கணித்தது. இங்கே இழவுத்துயரும் சேர்ந்துகொண்டது. தொற்றால் இறந்தோரை எரியூட்டுவதே சட்டமாயிற்று; 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை முஸ்லிம் குடும்பங்கள் தம் இறந்தோரை மண்ணுக்குக் கொடுக்க இயலாது தவித்தன. எந்த மனநலச் செயலியும் ஆற்றாத புண் அது.

இலங்கையில் உளநோய்க்கான முதன்மை மருத்துவமனை அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம். அந்த ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. சண்டையில் 'அங்கொடைக்குப் போ' என்பார்கள். அங்கே செல்லும் பேருந்தில் ஏறக் கூசுவோருக்கு, அதே நிறுவகம் நடத்தும் 1926 என்னும் தொலைபேசி எண் ஒரு பின்வாசல். தொலைபேசி, காணொளி, செயலி எனத் தொலைவிலிருந்து வரும் இந்தத் திரைவழி மருத்துவம்பற்றிய நம் மனப்பாங்கில் பாதி, யார் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சமே.

திரைவழி மருத்துவம் பெருந்தொற்றோடு பிறந்ததும் அன்று. சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப் 2010இலேயே புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை ஓட்டியது. உள்ளே ஒரு திரை, திரையில் மருத்துவர், இறங்குமுன் கையில் மருந்து. எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் அறிதல்நடத்தைச் சிகிச்சை, இணையவழி நடத்தினாலும் மிதமான மனச்சோர்விலும் பதற்றத்திலும் நேர்முகச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஈடாகப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மறுமுனையில் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாச் செயலிகளைப் பலர் சில நாளிலேயே கைவிடுகின்றனர். தற்கொலை எண்ணத்தையும் கடுமையான மனச்சிதைவையும் செயலியின் கையில் ஒப்படைப்பது தவறு என்பேன்.

இனி வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு அறை, ஆறு பேர். பிள்ளைகள் பாடம் படிக்கும் கைப்பேசியே தாயின் மருத்துவத்துக்கும். உளவளத்துணையாளர் காணொளியில் கேட்கிறார்: "மாமியோட எப்பிடி?" மாமி பக்கத்திலேயே குசினியில் நிற்கிறார். "ஓம், பிரச்சினை ஒண்டுமில்லை" என்கிறாள் தாய். முகம் திரையில் தெரியும். மேசைக்குக் கீழே உடுப்பின் ஓரத்தை முறுக்கும் விரல்கள் தெரியா. நேர்முக மருத்துவம் பேச்சுக்கு முன்பே ஓர் அடைத்த கதவைத் தந்துவிடுகிறது. இணைய வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கதவு வந்து சேராது. அதனால்தான் நம்மவர் பலருக்குக் காணொளியைவிடக் குரலழைப்பு இசைவானது என்று கருதுகிறேன். குரலை மொட்டைமாடிக்கோ கடற்கரைக்கோ எடுத்துச் செல்லலாம்.

1926 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். உங்கள் வீட்டில் ஒருவர் கைப்பேசியோடு மொட்டைமாடிக்குப் போனால், யாரோடு கதைத்தாய் என்று கேட்காதீர்கள்.