தண்ணீர் பார்க்கும் மட்டம்

தஞ்சாவூர் நகரம் ஒவ்வொரு நொடியும் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 457 மீட்டர் நகர்கிறது. மணிக்கணக்கில் சொன்னால் 1,640 கிலோமீட்டருக்கும் மேல்; இன்று பறக்கும் எந்தப் பயணிகள் விமானமும் இதை எட்டுவதில்லை. பூமி தன் அச்சில் சுழல்வதால் வந்த வேகம் இது. பெரிய கோயில், அதன் அருகே ஓடும் புது ஆறு, சுற்றியுள்ள வயல்கள் எல்லாமே சுமார் 6,265 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தை நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் யாருக்கும் அது தெரிவதில்லை.

ஆனால் வட்டத்தில் போகும் பொருளின் வேகம் மாறவில்லை என்றாலும் திசை கணந்தோறும் மாறுகிறது. நகரும் பொருள் தானாகத் திரும்பாது. விட்டால் நேர்கோட்டில்தான் போகும். அதை வளைத்துத் திருப்ப, வட்டத்தின் மையத்தை நோக்கி ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே மையநோக்கு விசை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் தேவையான முடுக்கம் கிடைக்கும். தஞ்சாவூருக்கு இது நொடிக்கு நொடி 0.033 மீட்டர். பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கமோ 9.8-ஐ ஒட்டியது. முந்நூறில் ஒரு பங்குதான் சுழற்சிக்குச் செலவாகிறது. மிச்சம்தான் நாம் உணரும் எடை.

இந்தச் சின்னச் செலவு எடையில் தெரியவே செய்கிறது. சுழற்சியின் தாக்கம் துருவத்தில் இல்லை, நிலநடுக்கோட்டருகே அதிகம். அதோடு, சுழன்று சுழன்று பூமியின் இடுப்பு பெருத்துவிட்டது. நிலநடுக்கோட்டில் உள்ளவர், துருவத்தில் உள்ளவரைவிட மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கிறார். இரண்டும் சேர்ந்து, துருவத்தில் 9.83 ஆக இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் தஞ்சாவூரில் 9.78 ஆகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ மூட்டையை, துருவத்தில் சரிபார்த்த ஒரு வில்தராசில் இங்கே தொங்கவிட்டால் 39.8 கிலோதான் காட்டும். விவசாயி கவலைப்பட வேண்டியதில்லை. எடைக்கல் வைக்கும் தராசில் நெல்லும் கல்லும் ஒரே அளவில் இலேசாவதால் வித்தியாசம் வராது; மின்னணுத் தராசைப் படிக்கல் வைத்து உள்ளூரிலேயே சரிபார்த்துவிட்டால் அதுவும் ஏமாற்றாது. கொள்முதல் நிலையத்தில் எடை குறைந்தால் அதற்குப் பூமி பொறுப்பில்லை.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கடிகாரம். 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்த இடத்தில் ஊசல் மெதுவாக ஆடும். பூமி உருண்டைதான், ஆனால் இடுப்பு பெருத்த உருண்டை என்று நியூட்டன் வாதிட்டபோது ரிஷேயின் கடிகாரம் அவருக்குச் சாட்சியானது.

வட்ட இயக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் காவிரியிலோ வெண்ணாற்றிலோ ஆறு வளையும் இடத்துக்குப் போகலாம். வளைவில் தண்ணீர் நேராகவே போகப் பார்க்கிறது, வெளிக்கரை தடுக்கிறது. அதனால் வெளிக்கரையில் நீர்மட்டம் சற்று ஏறுகிறது. நூறு மீட்டர் அகலமுள்ள ஆறு, 500 மீட்டர் ஆரத்தில், நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் திரும்பினால் வெளிக்கரை மட்டம் உள்கரையைவிட நான்கு, ஐந்து சென்டிமீட்டர் உயரும். கண்ணுக்குப் பிடிபடாத உயரம்தான். ஆனால் அந்தச் சரிவு தரும் அழுத்தம் மேலிருந்து அடிவரை எல்லாத் தண்ணீரையும் உள்கரைப் பக்கம் தள்ளுகிறது. மேல்தண்ணீர் வேகமாகப் போவதால் அந்தத் தள்ளலுக்கு முழுதாக மசிவதில்லை. வெளிக்கரையில் போய் மோதுகிறது. அடித்தண்ணீர் தரையில் உராய்ந்து வேகம் குறைந்தது. அது உள்கரைக்குத் தள்ளப்பட்டு, போகும்போது மணலையும் வாரிக்கொண்டு போகிறது. வெளிக்கரை அரிப்பதும் உள்கரையில் மணல் திட்டு ஏறுவதும் இப்படித்தான். ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் ஏன் வளைகின்றன என்று எழுதிய கட்டுரையில் தேநீர்க் கோப்பையை உதாரணம் காட்டினார்: கலக்கிவிட்டால் தேயிலைத் தூள் விளிம்புக்குப் போகாமல் அடியின் நடுவில் சேர்வதற்கும் இதே காரணம். ஐன்ஸ்டைனைப் படிக்காமலே, வெள்ளக் காலத்தில் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் எந்தக் கரைக்கு முதலில் போக வேண்டும் என்பது ஆற்றங்கரை ஊர்களுக்குத் தெரியும்.

சுழற்சி எடையை மட்டும் குறைப்பதில்லை, தூக்குக்குண்டு தொங்கும் திசையையும் மாற்றுகிறது. 1010-ல் முடிந்த பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். அவ்வளவு நீளமுள்ள நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டால், அது பூமியின் மையத்தை நேராகக் காட்டாது. மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து சுமார் எட்டு சென்டிமீட்டர் தெற்கே விலகி நிற்கும். பாதி விலகல் சுழற்சி நேரடியாகத் தருவது. மறுபாதி, தெற்கே பெருத்திருக்கும் பூமியின் இடுப்பு இழுப்பதால் வருவது. சோழர் காலத்துக் கொத்தர் குண்டு நூலைப் பார்த்துத்தான் கல்லடுக்கியிருப்பார். அதில் பிழையேதும் இல்லை. சுவர் நிற்க வேண்டியது நூல் காட்டும் திசையில்தானே தவிர, பூமியின் மையத்தைப் பார்த்தல்ல.

அதே விமானத்தில் 1808-ல் ஒரு விபத்து நடந்தது. வில்லியம் லாம்ப்டன் 1802-ல் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நிலஅளவை அப்போது டெல்டாவுக்கு வந்திருந்தது. தென்னையும் பனையும் மறைக்கும் சமவெளியில் தொலைதூரம் பார்க்கக் குன்று கிடையாது. கோயில் கோபுரங்களே குன்றுகள். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைக் கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் வட்டம் வளைந்துபோனது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து ஆறு வாரத்தில் அதை ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த அளவையே பிற்பாடு ஈர்ப்பைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்றை எழுப்பியது. வடக்கே இமயத்தை நெருங்கியபோது, நிலத்தில் அளந்த தூரமும் நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்ட தூரமும் ஒத்துப்போகவில்லை. மலை குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது ஊகிக்கக்கூடியதே. 1855-ல் கல்கத்தாவின் ஜான் பிராட் கணக்குப் போட்டுப் பார்த்தார். இமயம் இழுத்திருக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் காணப்பட்டது. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை இருந்தாக வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. ஈர்ப்புப் புலம் மேல்தரையை மட்டும் காட்டுவதில்லை, அடியில் கிடப்பதையும் காட்டும்.

அப்படி அடியில் கிடக்கும் ஒன்று தமிழ்நாட்டையும் தொடுகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. கணித முறையில் வரையப்பட்ட சீரான பூமி வடிவத்தைவிட அங்கே கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. டச்சு ஆய்வாளர் வேனிங் மைனஸ் 1948-ல் கண்டறிந்தது இது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்த சூடான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருளைக் காரணமாகச் சொல்கிறது. பள்ளம் என்றதும் கப்பல் அதில் சறுக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே நிற்பவருக்கும் கடல் மட்டமாகவே தெரியும். குண்டும் கடல்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்கும். தண்ணீர் எங்கே அசையாமல் நிற்குமோ அதுவே மட்டம்.

இந்த ஈர்ப்புப் புலத்தை உலகம் முழுக்க அளந்துகொடுப்பது செயற்கைக்கோள்களின் வட்ட இயக்கம். செயற்கைக்கோள் மேலே நிற்பதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது. 500 கிலோமீட்டர் உயரத்தில் இதற்கு நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒரு சுற்றுக்கு 95 நிமிடம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்று சரியாகப் பூமியின் ஒரு சுழற்சி நேரமாகிறது. டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டின்மேல் அங்கேதான் இருக்கின்றன. டெல்டா வீட்டுக் கூரைகளில் டிஷ் டெல்லியைவிட அதிகமாக வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருப்பது அதனால்தான்.

2002-ல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. கீழே ஈர்ப்பு கூடிய இடம் வந்தால் முன்னது சற்று முந்தும், இடைவெளி மாறும். மயிரிழைக்கும் குறைவான மாற்றத்தையும் அளந்து புலத்தை வரைந்தார்கள். நிலத்தடி நீர் குறைந்தால் ஈர்ப்பும் குறையும் என்பதால், வடமேற்கு இந்தியா 2002-க்கும் 2008-க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்ததும் இந்த முறையில் தெரியவந்தது.

காவிரிப் படுகைக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கடல்மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரமுள்ள தஞ்சாவூரிலிருந்து கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரை வரை, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வது இந்த இம்மி இறக்கத்தை நம்பித்தான். ஜிபிஎஸ் கருவியோ உயரத்தைச் சீரான கணித வடிவத்திலிருந்து எடுக்கிறது. ஈர்ப்புப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் டெல்டாவில் அதற்கும் உண்மையான கடல்மட்டத்துக்கும் ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபாடு. நாகப்பட்டினம் கடற்கரையில் நிற்பவருக்குத் திருத்தாத ஜிபிஎஸ், கழித்தல் குறியோடு 90-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும். வேறுபாடு எங்கும் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிட்டுப் போகலாம். தெற்கே போகப் போகப் பள்ளம் ஆழமாவதால் அதுவும் முடியாது.

இந்தியாவின் உயரக் கணக்குக்கு அடிப்படையான கடல்மட்டம் 1909-ல் ஒன்பது துறைமுகங்களின் அலையேற்ற அளவுகளை வைத்து முடிவானது. அவற்றுள் நாகப்பட்டினமும் ஒன்று. வாய்க்காலுக்கும் மதகுக்கும் மட்டம் எடுப்பவர்கள், கையிலுள்ள கருவி காட்டும் உயரம் அந்தக் கடல்மட்டத்திலிருந்து எடுத்ததா, கணித வடிவத்திலிருந்து எடுத்ததா என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.