விலையைப் பார்த்தேன், வாட்ஸைப் பார்க்கவில்லை!

என் மாமியாருக்கு நுரையீரல் கோளாறு. சென்ற வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைக்கச் சொன்னார் டாக்டர். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இந்த மிஷின் கரண்டில் ஓடுவது.

'நம்ம வீட்டுலதான் இன்வெர்ட்டர் இருக்கே' என்று தைரியமாக இருந்தேன். விலை குறைவு என்று நானே தேடிப்பிடித்து வாங்கியது அது! மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. மிஷின் 'கொர்'ரென்று உறுமி, அலாரம் அடித்து நின்றேவிட்டது. மூச்சு வாங்க, அத்தை என் கையை இறுகப் பிடித்துக் கொண்டார். டாக்டர் சொல்லி வாங்கி வைத்திருந்த சின்ன சிலிண்டர்தான் அன்று காப்பாற்றியது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, இது ஸ்கொயர் வேவ். லைட்டு, ஃபேனுக்குச் சமாளிக்கும். மோட்டார் இருக்கிற மிஷினுக்கு சைன் வேவ்தான் வேணும். அதுதான் இ.பி. கரண்ட் மாதிரியே வரும்" என்றார். கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் மிஷினுக்கு 350 வாட்ஸ். ஒரு ஃபேன், ஒரு லைட் சேர்த்தால் சுமார் 450. இன்வெர்ட்டரில் 900 வி.ஏ. என்று போட்டிருந்தால் 900 வாட்ஸ் கிடைக்காது, ஏறக்குறைய 700தான். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் என்பதால், கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் பெருக்கினால் 1800. அதை 450ஆல் வகுத்தால் 4 மணி நேரம். "ஆனா முழுசும் கிடைக்காதுக்கா. இரண்டரை, மூணு மணி நேரம்னு வெச்சுக்குங்க" என்றார்.

இன்வெர்ட்டர் லைனில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போடாதீர்கள். பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல், டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு வரும் என்பதால், பக்கத்தில் விளக்கு ஏற்றக் கூடாது. எந்த இன்வெர்ட்டர் இருந்தாலும், சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நகைச்சீட்டுப் பணத்தில் புதிதாக சைன் வேவ் வாங்கினோம். போன வாரம் கரண்ட் போனபோது பதறி ஓடினேன். மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோழிகளே, கடைக்குப் போகும்முன் உங்கள் மிஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட்ஸை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். விலையை அப்புறம் கேட்கலாம்!

– ஒரு வாசகி, கும்பகோணம்.