காலை எடுத்த பிறகும் பிடிக்கும் பிரேக்

பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் காரில் இருப்பதுபோல ஹேண்ட் பிரேக்கைத் தேடத் தோன்றும். அப்படித் தனியாக ஒரு பிரேக் அதில் இல்லை. வலது காலருகே இரண்டு பிரேக் மிதிகள், அவற்றின் பக்கத்தில் பல் வெட்டிய ஓர் இரும்புத் துண்டு, அதில் மாட்டும் ஒரு கொண்டி. வண்டியை நிறுத்தி வைக்க இவ்வளவுதான் ஏற்பாடு. 1950களின் பிற்பகுதியில் வந்த இந்த டிராக்டர் நமக்கு அந்நியமானதும் இல்லை. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து தயாரித்த 1035, இதே குடும்பத்துப் பிள்ளை.

இந்தக் கொண்டிக்கு எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். ஆறடி நீளத்துக்கு ஓரடி உயரும் சரிவில் நிறுத்தினால், எடையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 கிலோ, அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தும் கால் சோர்ந்துபோகும். அந்த இழுப்போ ஒரு நொடியும் ஓயாது.

மிதியை அழுத்தும்போது பின்சக்கரத்தின் டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து, அவற்றின் லைனிங் டிரம்மின் உட்சுவரைக் கவ்வும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அவற்றைப் பின்னுக்கு இழுத்துவிடும். கொண்டி அந்தத் திரும்பும் வழியை மறிக்கிறது. சைக்கிள் ஃப்ரீவீலில் இருக்கும் தத்துவமேதான் இது. பல்லின் ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் செங்குத்து. மிதி கீழே போகும்போது கொண்டி சாய்வில் வழுக்கும். திரும்பப் பார்த்தால் செங்குத்தில் முட்டி நிற்கும். காலின் அழுத்தத்தை அப்படியே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே, பிரேக் எந்த அளவுக்குப் பிடிக்குமோ அந்த அளவுக்குத்தான் கொண்டியும் பிடிக்கும்.

அதனால், தேய்ந்த கொண்டிக்குப் பதிலாகப் புதியது பொருத்தும் முன் பிரேக்கைச் சரிபார்க்க வேண்டும். சமதரையில், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான முட்டுக்கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். லைனிங் உரசும் வரை முடுக்கி, சக்கரம் தடையின்றிச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். அச்சின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்திருந்தால் லைனிங் வழுக்கும். எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. முதலில் சீலை மாற்றுங்கள்.

அடுத்துதான் கொண்டி. அதன் ஆணி, கால் வைக்கும் மெல்லிய தகட்டில் இருக்கக்கூடாது. தகடு வளைந்தால் பிடி நழுவும். கெட்டியான சட்டத்தில் பொருத்துங்கள். பல்லின் முனை மழுங்கியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. மழுங்கிய பல் நிறுத்தும்போது பிடித்ததுபோல் காட்டி, இயந்திரத்தின் அதிர்வில் கழன்றுவிடும்.

பயன்படுத்துகையில் பலர் மறப்பது இரண்டு மிதிகளையும் சேர்த்துக் கோப்பதை. உழவில் சட்டென்று திரும்புவதற்காகவே வலது, இடது பிரேக்குகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் பூட்டி நியூட்ரலில் விட்டால், டிஃபரன்ஷியல் மற்றச் சக்கரத்தைச் சுழல விடும். பூட்டிய சக்கரத்தை மையமாக வைத்து வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சரியத் தொடங்கும்.

வரிசை இதுதான்: வண்டி நின்றதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கலப்பையைத் தரையில் இறக்குங்கள். மிதிகளைக் கோத்து, அழுத்தி, கொண்டியை மாட்டி, காலை மெல்ல எடுத்து, வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். பிறகே என்ஜினை நிறுத்திக் கியரில் விடலாம். கியரை மட்டும் நம்ப வேண்டாம். சரிவில் உருளும் வண்டி என்ஜினையும் சேர்த்துச் சுழற்றிவிடும். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருளை அடைக்கும் குமிழை இழுத்து வைக்காவிட்டால் அது உயிர்பெற்றுவிடக்கூடும். வண்டியை மீண்டும் எடுக்கும்போது மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்; பாரம் நீங்கியதும் கொண்டி தானாக விலகும். கையால் இழுத்து நெம்பினால் பல்தான் உடையும்.

சரிவில் நிறுத்தினால் இவ்வளவுக்குப் பிறகும் சக்கரத்துக்குக் கீழே ஒரு கட்டை வையுங்கள். எத்தனை பேர் வடத்தை இழுத்துப் பிடித்தாலும் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் ஒருவர் சக்கரத்தருகே இருந்தே ஆகவேண்டும் என்று நம் ஊர்களில் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறோம். கலப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் குனிந்து நிற்பவர் ஒரு மனிதர். கொண்டியும் கட்டையும் அவருக்காக.